ட்ரம் நிறைந்து வழிந்த சனிக்கிழமை

குஷாய்குடா,
27 ஏப்ரல் 2025, ஞாயிறு.

அன்புள்ள ஜெயச்சந்திரனுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நான், அஸ்வினி, பாலா மூன்று பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே மெல்போர்னில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, சளி பிடிக்காமல், தூங்குகிற நேரத்தில் தூங்கி எழுந்திருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ நான்கு தடவை சரிம்மா சரிம்மா என்று சொல்லிவிடுகிறாய், அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. காகிதத்துக்கு நடுவில் யாரும் சரிம்மா சொல்ல முடியாது. நான்காம் வகுப்போடு நின்ற கை, மெதுவாகத்தான் எழுதும், மூன்று நாளாக எழுதுகிறேன், பிழை இருந்தால் நீயே திருத்தி வாசித்துக்கொள். நான் இப்படி எழுதுவது உன் மனைவி அஸ்வினிக்குத் தெரியாது.

ஏப்ரல் ஐந்தாம் தேதி சனிக்கிழமை, காலை பதினொன்றரை மணி, நம் வீட்டுப் பின்பக்கக் குழாயடி. அன்று அங்கே இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு யாரும் எனக்குத் தெரியாது என்று சொல்லக் கூடாது. நான் இருந்தேன். அஸ்வினி இருந்தாள், கையில் நோட்டும் பேனாவும். அவளுக்குப் பாடம் எடுக்கிற பேராசிரியை வசந்தகுமாரி மேடம் இருந்தார், மார்க் போட வந்தவர், அறுபது வயது இருக்கும், ஊதாக் கரை போட்ட வெள்ளைச் சேலை. அவளோடு படிக்கிற ஸ்ரீலேகா இருந்தாள், வாரங்கல் பெண், போனில் படம் பிடிப்பது அவள் வேலை. மாடி வீட்டு ஜலஜா இருந்தாள், கூப்பிடாமல் வந்தவள். உன் பிள்ளை பாலா இருந்தான். ஆறு பேர். நீ போனில் வந்தது அதற்கப்புறம், நான்கு நிமிடம்.

அந்த சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை நீ அஸ்வினிக்கு மெயில் போட்டிருக்கிறாய், படிப்பை இந்த வருடத்தோடு நிறுத்திவிட்டு பாலாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பு, ஜூன் பதினாலாம் தேதிக்கு டிக்கெட் போட்டாயிற்று என்று. அவள் எனக்கு வாசித்துக் காட்டவில்லை, முகத்தைப் பார்த்து நானேதான் கேட்டு வாங்கினேன். இந்தக் கடிதம் அந்த டிக்கெட்டைப் பற்றியது. அதை நீ ரத்து செய்ய வேண்டும். அவள் இன்னும் ஒரு வருடம் படித்து முடிக்க வேண்டும், பாலா அதுவரை இந்த வீட்டில் இருக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாக வாசி.

அவள் என்ன படிக்கிறாள் என்று உன்னைக் கேட்டால் ஏதோ டீச்சர் கோர்ஸ் என்பாய். ஏற்கனவே டீச்சர்தானே, எட்டு வருடம் யு.கே.ஜி.க்குப் பாடம் எடுத்தவள்தானே, இன்னும் என்ன என்று நானும்தான் கேட்டேன். இது அதுக்கு மேல அத்தை என்றாள். பேச்சு வராத, காது கேட்காத, ஒரு இடத்தில் உட்கார முடியாத சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து எப்படி வரும், எழுத்து வருவதற்கு முன்னால் என்னென்ன வர வேண்டும் என்பதுதான் இரண்டு வருடப் படிப்பு. வாரத்தில் மூன்று நாள் உப்பலில் ஒரு அங்கன்வாடிக்குப் போகிறாள். பன்னிரண்டு பிள்ளைகள், அதில் ஒருத்தி காதில் மிஷின் வைத்தவள், ஒருத்தன் இடுப்புக்குக் கீழே நடக்காதவன். நம் சாப்பாட்டு மேஜை முழுக்க உப்புத்தாளில் வெட்டின தெலுங்கு எழுத்துதான், தட்டு வைக்க இடம் கிடையாது. தாம்பாளத்தில் ரவையைக் கொட்டி அதில் அந்தக் காது மிஷின் பெண் தன் பெயரின் முதல் எழுத்தை விரலால் இழுத்தாளாம், அன்றைக்கு அஸ்வினி வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் எனக்கு அதைச் சொன்னாள். அவள் தலைமுடியில் ரவை ஒட்டியிருந்தது. கல்யாணமாகி வந்த நாளில்கூட அவளை நான் அவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை.

இப்போது பழையதைச் சொல்ல வேண்டும். எனக்கு மறதி கிடையாது என்று உனக்குத் தெரியும். 2022 நவம்பர் பதினெட்டு, வெள்ளிக்கிழமை, பாலாவுக்கு மூன்று வயது ஆக இரண்டு மாதம் இருந்தது. பேச்சு இல்லை என்று நீங்கள் இருவரும் அவனைப் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் பத்மநாபனிடம் கூட்டிப் போனீர்கள். ஏழு நிமிடம் பார்த்தானாம். வீட்டில் தமிழ், காலையில் வேலைக்கு வந்து போகிற ஆயாவிடம் தெலுங்கு, வாசலில் இந்தி, டிவியில் இங்கிலீஷ், பிள்ளை குழம்பிப் போயிருக்கிறது, ஒரே பாஷை போதும், எப்படியும் வெளிநாடு போகிறீர்கள், இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டான். நீ வந்து கம்ப்யூட்டரில் அடித்து ஃப்ரிட்ஜில் ஒரு காகிதம் ஒட்டினாய். அது எனக்காக ஒட்டினது. எனக்காக ஒட்டினதை எனக்கு வாசிக்கத் தெரியாத பாஷையில் ஒட்டினாய். ஜலஜாதான் வாசித்துச் சொன்னாள், சொல்லிவிட்டுச் சிரித்தாள், ஹவ், ஆமா அக்கா, இனிமே நீங்களும் தொரசானிதான் என்று. அதற்காக அவளோடு ஐந்து மாதம் பேசாமல் இருந்தேன்.

பிப்ரவரியில் நீ கிளம்பிப் போய்விட்டாய். அஸ்வினி பள்ளிக்கூடம் போய்விடுவாள். பகல் முழுக்க வீட்டில் நானும் அவனும். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஆறு. கம், சிட், ஈட், பாத், நோ, குட் பாய். ஆறையும் சொல்லி முடித்தால் அன்றைக்குப் பேச ஒன்றும் இருக்காது. சொன்னால் பிள்ளைக்குக் கெடுதல் என்றீர்கள், அதனால் நான் வாயை மூடிக்கொண்டேன். இரண்டு வருடம் சந்திரா. தண்ணீருக்குள் இருக்கிற மாதிரி இருந்தது அந்த வீடு. ஃபேன் சத்தம் ஒன்றுதான். காலை பத்து மணிக்குக் கிழக்கு ஜன்னல் வெயில் ஹாலில் விழும், பாய் விரித்த மாதிரி. அவன் போய் அதில் ஒரு பாதத்தை வைப்பான். நான் பக்கத்தில் என் பாதத்தை வைப்பேன். வெயில் நகரும், நாங்களும் நகருவோம், அவன் கொஞ்சம், நான் கொஞ்சம், ஒரு மணி நேரத்தில் சோபா காலடிக்கு வந்திருப்போம், அங்கே வெயில் மெலிந்து மெலிந்து ஒரு நூலாகிக் காணாமல் போகும். அவன் என்னைப் பார்ப்பான். எங்கே போச்சு என்று கேட்கிற பார்வை. எனக்குச் சொல்லத் தெரியும், சொல்லக் கூடாது. அல்வால் பக்கமிருந்து பயிற்சி விமானம் உறுமிக்கொண்டு போகும், அவன் மேலே விரலை நீட்டுவான், ஏரோப்ளேன்டா கண்ணு என்பது என் தொண்டை வரைக்கும் வரும், எச்சில் மாதிரி விழுங்கிவிடுவேன். விழுங்கின வார்த்தைகளை எல்லாம் எங்கே வைத்திருந்தேனோ, கனவில்கூட நான் வாயசைத்துக்கொண்டு சத்தமில்லாமல் இருந்தேன். அவனும் என் வாயைப் பார்த்துப் பார்த்து, வாய் என்பது சாப்பிட மட்டும்தான் என்று நினைத்திருப்பான்.

அந்த விலக்கு எப்படி உடைந்தது என்று நீ அஸ்வினியிடம் கேட்டதே இல்லை. அவள் படிப்பில் சேர்ந்து மூன்றாவது மாதம், போன அக்டோபர். கல்லூரியிலிருந்து வந்தவள் நேராக அடுப்படிக்கு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு பாஷை இன்னொரு பாஷையை அடைக்காது, மடியில் உட்கார்ந்து கேட்ட பேச்சு எந்தப் பாஷையாக இருந்தாலும் அதன் மேல்தான் அடுத்தது நிற்கும், வீட்டுப் பேச்சை நிறுத்தச் சொன்னதுதான் தப்பு என்று அன்றைக்கு வகுப்பில் நடத்தினார்களாம். உங்க வாய நான் கட்டிட்டேன் அத்தை என்று சொல்லி அழுதாள். நான் உடனே இளகிவிடவில்லை. ஆயா முன்னால், அத்தை ப்ளீஸ் தமிழ் வேண்டாம் என்று 2023 செப்டம்பரில் ஒரு நாள் அவள் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. இப்ப மட்டும் எப்படி வரும், துரு பிடிச்சுப் போச்சு என்று சொல்லிவிட்டு இருபது நாள் வேண்டுமென்றே பேசாமல் இருந்தேன். அது என் தப்பு. இருபத்தோராவது நாள் அவனுக்குத் தலை துவட்டும்போது தானாக வந்துவிட்டது, காதுக்குள்ள தண்ணி போயிருச்சாடா என்று. அவன் திரும்பி என் வாயைப் பார்த்தான். விரலை என் உதட்டில் வைத்தான், அந்தச் சத்தம் அங்கிருந்துதான் வந்ததா என்று பார்க்கிற மாதிரி.

அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வா, தா, வேணாம், பாட்டி என்று ஒற்றை ஒற்றையாக வர ஆரம்பித்தது. இரண்டு சொல் சேரவில்லை. அஸ்வினி எனக்கு ஒரு முறை சொல்லிக்கொடுத்தாள். ஒன்று சொல்லிவிட்டு மனசுக்குள் பத்து எண்ண வேண்டும். அவன் ஏதாவது சொல்வான், சொல்லாமல் பார்ப்பான், கையை நீட்டுவான், எதுவானாலும் அது அவன் முறை. அதற்குள் நாம் புகுந்து பேசிவிடக் கூடாது. பெரியவர்கள் இரண்டு எண்ணுவதற்குள் பேசிவிடுகிறார்களாம். சும்மா இருக்க எனக்கா சொல்லித்தர வேண்டும், நீங்கள் போட்ட பயிற்சிதானே என்றேன். அவள் சிரித்துவிட்டாள், நானும் சிரித்துவிட்டேன்.

அந்த சனிக்கிழமை அவளுக்குப் பரீட்சை. வீட்டில் எப்போதும் நடக்கிற ஒரு வேலையைப் பிள்ளையோடு வீட்டு ஆள் செய்ய வேண்டும், மாணவி வாயே திறக்காமல் உட்கார்ந்து நோட்டில் அவன் முறைக்கு ஒரு கோடு, என் முறைக்கு ஒரு கோடு போட வேண்டும், பேராசிரியை அதைப் பார்த்து மார்க் போடுவார். பச்சைப் பட்டாணி உரிக்கிறது என்று ஏற்பாடு. ஹாலில் ஜமக்காளம் விரித்து நான் புதுச் சேலை கட்டி உட்கார்ந்தேன். பாலா ஒரு பட்டாணியைக்கூடத் தொடவில்லை. ஸ்ரீலேகாவின் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். கால் மணி நேரம் போச்சு. என் பக்கம் நிறைய கோடு, அவன் பக்கம் ஒன்றும் இல்லை. அஸ்வினி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்போது ஜலஜா பின்பக்கமிருந்து, அக்கா தண்ணி வந்துருச்சு, இன்னிக்கு சீக்கிரமே வந்துருச்சு என்று கத்தினாள். ஒன்று விட்டு ஒரு நாள் வருகிற தண்ணீர், அரை மணி நேரம்தான் வரும். பரீட்சையாவது ஒன்றாவது. பட்டாணித் தட்டை மேடம் மடியில் வைத்துவிட்டு எழுந்து ஓடினேன். பாலா என் பின்னால் ஓடி வந்தான். அவன் பின்னால் அவர்கள் எல்லாரும்.

குழாயடியில் அந்த நீல ட்ரம், உன் அப்பா ஃபேக்டரியிலிருந்து கொண்டு வந்தது. ஹோஸை உள்ளே விட்டேன். காலி ட்ரம்மில் தண்ணீர் விழுகிற சத்தம் பெரிதாக, ஆழமாக இருக்கும். பாலாவுக்கு அது ரொம்பப் பிடிக்கும். போய் ட்ரம்மில் காதை ஒட்ட வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். நானும் மறுபக்கம் காதை வைத்தேன். இப்ப அடியில இருக்கு என்றேன், பத்து எண்ணினேன். இப்ப பாதி என்றேன், பத்து எண்ணினேன். ட்ரம் நிறைய நிறைய சத்தம் மெலிந்துகொண்டே போய் ஒரு பெருமூச்சு மாதிரி ஆகும். மேலே தகரக் கூரை ஓட்டைகளிலிருந்து வெயில் தண்ணீரில் விழுந்து அவன் கன்னத்தில் ஆடியது. சந்து முழுக்க பச்சைத் தண்ணீர் வாசனை. யாரும் அங்கே இல்லாத மாதிரி, நாங்கள் இருவரும் அந்த ட்ரம்முக்குள்ளேயே இறங்கிப் போன மாதிரி இருந்தது. தண்ணீர் விளிம்புக்கு வந்துவிட்டது. என் கை தானாகக் குழாய்க்குப் போனது, நடுவழியில் நிறுத்திக்கொண்டேன். ஒன்று, இரண்டு எண்ண ஆரம்பித்தேன். வழிய ஆரம்பித்தது. ஒரு சொட்டுத் தண்ணீருக்கு மாடி வீட்டோடு சண்டை போடுகிறவள் நான், என் கண் முன்னால் குடம் குடமாகப் போகிறது. நக்கோ அக்கா, பந்த் பண்ணுங்க, காய்கூ, ஏன் இப்டி விடுறீங்க என்று ஜலஜா குழாய்க்குப் பாய்ந்தாள். வசந்தகுமாரி மேடம் அவள் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார், பரீட்சை வைக்க வந்தவர், செருப்பும் சேலைக் கரையும் நனைய. ஏழு, எட்டு. பாலா கண்ணைத் திறந்தான். காலைப் பார்த்தான், ட்ரம்மைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பாட்டி, வழியுது, மூடு என்றான்.

மூன்று சொல் சேர்த்து. கோபமாகக்கூடச் சொன்னான், என்னை மாதிரியே. நான் மூடினேன். சரிடா, மூடிட்டேன் என்றேன். அஸ்வினி கோடு போடவில்லை, நோட்டு ஈரத்தில் கிடந்தது. ஜலஜா முகத்தை மூடிக்கொண்டு அழுகிறாள், அவளுக்கு என்ன அழுகை என்று எனக்குத் தெரியவில்லை. மேடம்தான் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நானும் இருபது வருஷம் தாய்மார்கள்கிட்ட ஒரே பாஷை பேசுங்கன்னுதான் சொல்லி அனுப்பினேன்மா, எங்களுக்கு அப்படித்தான் கத்துக்குடுத்தாங்க, எத்தனை வீட்ல இந்த மாதிரி வாய மூடினாங்களோ என்றார். படித்த பெண், பேராசிரியை, என்னிடம் அதைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. சொன்னார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அஸ்வினி உனக்கு வீடியோ கால் போட்டாள். அவசரத்தில் ஒன்றும் சொல்லாமல் போனை அப்படியே பிள்ளையிடம் கொடுத்துவிட்டாள். அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அப்பா, தண்ணி வழிஞ்சுச்சு என்றான். நீ சிரித்தாய். சிரித்துக்கொண்டே, இங்கிலீஷ்ல சொல்லு பாலா, வாட்டர், சொல்லு, வாட்டர் என்றாய். அவன் மறுபடியும் தண்ணி என்றான். நோ நோ, வாட்டர் என்றாய்.  பிறகு போனை அவன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு ட்ரம்முக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். இன்றைக்கு இருபத்திரண்டு நாள் ஆகிறது. வா, தா, பாட்டி எதுவும் இல்லை.

நீ தெரியாமல் சொன்னாய் என்று அஸ்வினி சொல்கிறாள். அவன் சொல் சேர்த்துப் பேசியதே அன்றைக்குத்தான் என்று தான் முன்னாடியே சொல்லாதது தன் தப்பு என்று உன்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள். சந்திரா, உனக்குப் பேச்சு வந்தது எப்போது தெரியுமா. மூன்றே முக்கால் வயது முடிந்து, 1988 ஆடி மாதம், புதன்கிழமை. ஊரெல்லாம் உன்னை ஊமை என்றது. நான் யாரிடமும் போகவில்லை, ஒன்றும் படிக்கவுமில்லை, உன்னோடு பேசிக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு ஃபேக்டரி பஸ் ஸ்டாப்பில் நம் பஸ் நிற்காமல் போய்விட்டது. அம்மா, பஸ் போயிருச்சு என்றாய். அதுதான் உன் வாயிலிருந்து வந்த முதல் முழுப் பேச்சு. நான் என்ன செய்தேன். தெருவில் கூத்தாடினேனா, திருத்தினேனா. போகட்டும்டா, அடுத்தது வரும் என்றேன். நீ ம் என்றாய். அடுத்த பஸ் வரும்வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அப்படி வந்த வாய் உன்னுடையது.

இப்போது தண்ணீர் வருகிற ஒவ்வொரு நாளும் அவன் வந்து ட்ரம்மில் காதை வைக்கிறான். நானும் வைக்கிறேன். விளிம்புக்கு வந்ததும் நான் மூடுவதில்லை, பத்து எண்ணுகிறேன், வழிகிறது, இன்னொரு பத்து எண்ணுகிறேன். அவன் வழிகிற தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறான். வாயில் ஏதோ வந்து நிற்பது தெரிகிறது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆள் நிற்பது தெரிகிற மாதிரி. ஜலஜா இப்போது சண்டைக்கு வருவதில்லை, தன் குடத்தைக் கொண்டு வந்து வழிகிறதைப் பிடித்துக்கொள்கிறாள். பதினோரு தடவை ஆகிவிட்டது. இன்று உதடு அசைந்தது. சத்தம் இல்லை. வரும். வருகிற அன்று அவன் என்ன பாஷையில் சொல்கிறானோ அந்தப் பாஷையில் அவனுக்குப் பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும், எப்படிச் சொல்வது என்று படித்த அவன் அம்மாவும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஜூன் பதினாலாம் தேதி விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனால் அது அங்கே வராது. உப்பலில் அந்தப் பன்னிரண்டு பிள்ளைகளும் ரவைத் தட்டை வைத்துக்கொண்டு அவளுக்காக உட்கார்ந்திருப்பார்கள். டிக்கெட்டை ரத்து செய். அஸ்வினிக்கு நீயே போன் பண்ணி, படித்து முடி என்று உன் வாயால் சொல். பாலாவிடம் பேசும்போது எதையும் சொல்லச் சொல்லாதே. நீ சாப்பிட்டதைச் சொல், ட்ராம் வண்டியைக் காட்டு, தமிழில் சொல், சொல்லிவிட்டுச் சும்மா இரு. அவன் பேசாமல் போனை வைத்தாலும் அடுத்த நாள் மறுபடி கூப்பிடு.

உனக்குக் குளிர் தொடங்கும் மாதம், கம்பளி உள்சட்டையை அலமாரியில் வைத்துக்கொண்டு போடாமல் இருக்காதே. வெந்தயம் தீர்ந்தால் எழுது. ஞாயிற்றுக்கிழமையாவது சோறு வடித்துச் சாப்பிடு. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், உன் காது நன்றாகக் கேட்க வேண்டும்.

என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

அம்மா

எழுத விட்டது: பத்மநாபனைத் திட்டி மெயில் எதுவும் போட வேண்டாம், அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அவனை விட்டுவிட்டேன். அஸ்வினியை அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுத அன்றே மன்னித்திருக்க வேண்டும், இருபது நாள் தாமதமாக மன்னித்தேன். மேடத்தையும் மன்னித்தேன். ஜலஜா சிரித்ததை அந்தக் குடத்தைப் பார்த்ததும் மறந்துவிட்டேன். மன்னிக்காமல் வைத்திருப்பது ஒரே ஒருவனைத்தான். அவன் நாராயணசாமி மகன் ஜெயச்சந்திரன்.